மாநில எல்லையும் மறைத்து ஏந்தும் துப்பாக்கியும்: அமெரிக்கச் சட்ட வரலாற்றில் பயணியின் நிலை (1813–2025)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கியை உடலில் மறைத்து ஏந்துவதற்கான சட்டம் மாநிலந்தோறும் வேறுபடுகிறது. ஒரு மாநிலத்தில் சட்டப்படி ஏந்துபவர், அண்டை மாநிலத்தின் எல்லையைக் கடந்ததும் அதே செயலுக்காகச் சிறை செல்ல நேரலாம். இந்நிலை தொடக்கம் முதலே இருந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் தடைச் சட்டங்கள் பலவற்றில் பயணிக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் உரிம முறை பரவியபோது அவ்விலக்கு தன் முதன்மையை இழந்தது. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியை எல்லை கடந்து கொண்டுசெல்ல வழிசெய்தது, ஏந்திச்செல்ல வழிசெய்யவில்லை. ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவராகக் கருதப்பட்ட பயணி, ஆபத்து விளைவிக்கக்கூடியவராகக் கருதப்படும் நிலைக்கு மாறிய வரலாற்றையும், அம்மாற்றம் இன்றைய பரஸ்பர ஏற்பு விவாதத்தில் தொடர்வதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைத்து ஏந்துதல், பயணி விலக்கு, பரஸ்பர ஏற்பு, இரண்டாம் திருத்தம், கூட்டாட்சி, 926ஏ பிரிவு

1. முன்னுரை

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை அது பேசுகிறது. எனினும், யார், எங்கு, எவ்வாறு ஏந்தலாம் என்பதை வரையறுக்கும் பணி நெடுங்காலம் மாநிலங்களிடமே இருந்தது. இதனால் ஒரே நாட்டிற்குள் முரண்பட்ட சட்டங்கள் அருகருகே நிலவுகின்றன. வெர்மான்ட் மாநிலம் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டதே இல்லை. ரட்லண்ட் நகராட்சி விதித்த இசைவுக் கட்டுப்பாட்டை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1903இலேயே செல்லாதென அறிவித்தது. வெர்மான்டை ஒட்டியுள்ள மாசசூசெட்ஸிலோ உரிமமின்றி ஏந்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இவ்விரு மாநிலங்களையும் பிரிப்பது சாலையோரத்து வரவேற்புப் பலகை ஒன்றே.

இவ்வேறுபாட்டை ஆராய்வோர் பெரும்பாலும் துப்பாக்கி உரிமை, துப்பாக்கிக் கட்டுப்பாடு என்னும் இரு முனைகளிலிருந்தே அணுகுகின்றனர். இக்கட்டுரை வேறொரு வினாவை முன்வைக்கிறது. ஆயுதம் ஏந்துதல் ஒரு மனிதரோடு எங்கும் செல்லும் உரிமையா, ஓர் இடத்தின் மக்கள் தம் எல்லைக்குள் அளிக்கும் இசைவா? இவ்வினாவுக்குச் சட்டம் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளைப் பயணியின் நிலையைக்கொண்டு அறியலாம்.

2. பயணிக்கு அளிக்கப்பட்ட விலக்கு

மறைத்து ஏந்துவதைத் தடைசெய்த முதற்சட்டங்கள் கென்டக்கியிலும் லூசியானாவிலும் 1813இல் இயற்றப்பட்டன. சொற்பூசல் கொலையில் முடியும் சண்டைகள் தென்மாநிலங்களில் மலிந்திருந்த காலம் அது. ஆயுதத்தை வெளிப்பட ஏந்துபவர் தம் நோக்கத்தை மறைக்காதவர் என்றும், மறைத்து ஏந்துபவர் வஞ்சகமாகத் தாக்க முனைபவர் என்றும் அக்காலச் சமூகம் கருதியது. சட்டமும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது.

இச்சட்டங்களில் நோக்கத்தக்கது அவற்றின் விலக்குக் கூறு. கென்டக்கிச் சட்டம் பயணத்தில் இருப்போரைத் தடையிலிருந்து விலக்கியது. 1820ஆம் ஆண்டின் இண்டியானாச் சட்டமும் பயணிகளுக்குப் பொருந்தாதென வரையறுக்கப்பட்டது. பின்னர்த் தென்மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய விலக்கு இடம்பெற்றது. கைத்துப்பாக்கியை வெளிப்பட ஏந்துவதையும் சேர்த்துத் தடுத்த, மிகக் கடுமையான டெக்சாஸ் சட்டம் (1871) கூடப் பயணிகளுக்கு விலக்கு அளித்தது.

விலக்கின் காரணம் தெளிவானது. தம் ஊரில் இருப்பவருக்கு உறவினர், அண்டை அயலார், காவலர் ஆகியோரின் துணை உண்டு. காட்டு வழியிலும் ஆற்றுத் துறையிலும் தனித்துச் செல்பவருக்கு அத்துணை இல்லை. அவர் கையில் பணமும் சரக்கும் இருக்கலாம். வழிப்பறிக்கு அவர் எளிய இலக்கு. எனவே ஊருக்குள் தீங்கெனப்பட்ட செயல் வழியில் தற்காப்பாக ஏற்கப்பட்டது.

ஆயின், எவ்வளவு தொலைவு சென்றால் ஒருவர் பயணி ஆவார் என்னும் சிக்கல் நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. அண்டை ஊர்ச் சந்தைக்குச் சென்று திரும்புபவர் பயணியா? வழியில் ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கியவர் பயணியா? தென்மாநில நீதிமன்றங்கள் சில, ஒருவர் தமக்குப் பழக்கமான மனிதர்களின் வட்டத்தைக் கடந்து செல்வதையே அளவுகோலாகக் கொண்டன. அவ்வளவுகோலில் மாநில எல்லைக்குத் தனி முதன்மை இல்லை; அறிந்தோர் நடுவே இருப்பதற்கும் அறியாதோர் நடுவே செல்வதற்கும் இடையிலான எல்லையே சட்டத்தின் கண்ணுக்குப் பட்டது. டெக்சாஸில் இக்குழப்பம் 21ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. தனி ஊர்தியில் செல்பவரை, வகுத்துரைத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயணியாகவே கொள்ளவேண்டும் என்னும் அனுமானத்தை அம்மாநிலச் சட்டமன்றம் 2005இல் கொண்டுவந்தது.

இக்காலத் தீர்ப்புகளும் ஒருமித்தவை அல்ல. கைத்தடியில் வாளை மறைத்து ஏந்திய ஒருவரின் வழக்கில் கென்டக்கியின் உயர் நீதிமன்றம் 1822இல் தடைச் சட்டத்தையே செல்லாதென்றது. அதற்கு மறுமொழியாக, மறைத்து ஏந்துவதைத் தடுக்கும் அதிகாரத்தை 1850இல் நடைமுறைக்கு வந்த அம்மாநிலத்தின் புதிய அரசமைப்பு சட்டமன்றத்துக்கு வெளிப்படையாக வழங்கியது. அலபாமா (1840), ஜார்ஜியா (1846), லூசியானா (1850) ஆகிய மாநிலங்களின் நீதிமன்றங்களோ மறைத்து ஏந்துவதைத் தடுக்கலாம் என்னும் நிலைப்பாட்டையே எடுத்தன. வெளிப்பட ஏந்துவதையும் சேர்த்துத் தடுத்த பகுதியை ஜார்ஜியா நீதிமன்றம் ஏற்கவில்லை.

3. எல்லை கடக்கும் உரிமையும் நிறவேற்றுமையும்

பயணி என்னும் சொல் எல்லோரையும் குறித்ததன்று. அடிமை மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஆயுதம் ஏந்துவதும் தம் விருப்பப்படி இடம்பெயர்வதும் தனிச்சட்டங்களால் தடுக்கப்பட்டிருந்தன. இவ்விரு தடைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை டிரெட் ஸ்காட் வழக்கின் தீர்ப்பு (1857) காட்டுகிறது. கறுப்பின மக்களைக் குடிமக்களாக ஏற்க மறுத்த தலைமை நீதிபதி ரோஜர் டானி, ஏற்றால் நேரும் விளைவுகளைப் பட்டியலிட்டார். அவர்கள் விரும்பியபோதெல்லாம் எந்த மாநிலத்துக்குள்ளும் நுழைவர், பொதுக்கூட்டம் கூட்டுவர், செல்லுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்துவர் என்பன அப்பட்டியலில் அடங்கும்.

இத்தீர்ப்பு அமெரிக்க நீதித்துறையின் பெருங்களங்கமாக இன்று மதிக்கப்படுகிறது. எனினும் இவ்வாய்வுக்கு அது ஒரு முதன்மைச் சான்று. மாநில எல்லையைக் கடந்து ஆயுதம் ஏந்துவது முழுக் குடியுரிமையின் அடையாளங்களுள் ஒன்று என்னும் கருத்து, அவ்வுரிமையை மறுத்தவரின் எழுத்திலேயே பதிவாகியுள்ளது. உள்நாட்டுப் போருக்குப்பின் மிசிசிப்பி 1865இல் இயற்றிய சட்டம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்தது. இதற்கு எதிராகக் காங்கிரஸ் 1866இல் இயற்றிய விடுதலை பெற்றோர் பணியகச் சட்டம், ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பெயர் சுட்டிக் காத்தது. 1868இன் 14ஆம் திருத்தம் இப்பின்னணியில் எழுந்ததே.

4. உரிம முறையும் உள்ளூர் மதிப்பீடும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடை, விலக்கு என்னும் அமைப்புக்கு மாற்றாக உரிம முறை வளர்ந்தது. நியூயார்க்கின் சல்லிவன் சட்டம் (1911) இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. மறைக்கத்தக்க அளவிலான துப்பாக்கியை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்றது அச்சட்டம். 1913இன் திருத்தம், மறைத்து ஏந்துவதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும் என்னும் நிபந்தனையை இணைத்தது. நகரங்கள் பெருகிப் புலம்பெயர்ந்தோர் திரண்ட காலம் அது. இத்தாலியக் குடியேறிகள் குறித்த அச்சம் நியூயார்க்கில் பரவலாக இருந்தது.

உரிம முறையின் மையம் விண்ணப்பதாரரின் நன்னடத்தை. அதனை மதிப்பிடுபவர் உள்ளூர்க் காவல் அதிகாரியோ நீதிபதியோ ஆவார். தமக்குத் தெரிந்தவருக்கே அவர் நற்சான்று அளிக்க முடியும். இங்குத்தான் பயணியின் நிலை தலைகீழாகிறது. முந்தைய சட்டத்தில் அறியாதோர் நடுவே செல்வது ஆயுதம் ஏந்துவதற்கான காரணமாக இருந்தது. உரிம முறையிலோ அறியப்படாதவராக இருப்பதே உரிமம் மறுக்கப்படுவதற்கான காரணமாயிற்று.

அறிமுகமானவர் என்பதனாலேயே உரிமம் கிட்டிவிடும் என்பதுமில்லை. 1956 சனவரியில் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் துப்பாக்கி ஏந்துவதற்கு அவர் செய்த விண்ணப்பத்தை உள்ளூர் அதிகாரிகள் மறுத்தனர். உயிரச்சம் கண்கூடாக இருந்தும் உரிமம் மறுக்கப்பட்ட இந்நிகழ்வு, அதிகாரிகளின் விருப்புரிமை யார்மீது எவ்வாறு செயற்படும் என்பதைத் தெளிவாக்குகிறது.

கூட்டாட்சிச் சட்டங்கள் இக்காலத்தில் ஏந்துதலைத் தொடவில்லை. 1934, 1938 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இயந்திரத் துப்பாக்கி முதலிய வகைகளையும் வணிகத்தையும் நெறிப்படுத்தின. அரசியல் படுகொலைகளின் விளைவாக எழுந்த 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேற்று மாநிலத்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. துப்பாக்கி மாநில எல்லையைக் கடப்பது கூட்டாட்சியின் அக்கறைக்குரியது என்னும் கருத்து இச்சட்டத்தால் வலுப்பெற்றது.

5. 1986: கொண்டுசெல்லலாம், ஏந்தலாகாது

துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ரீகன் 1986 மே 19 அன்று கையொப்பமிட்டார். வேட்டைக்கோ போட்டிக்கோ செல்வோர் இடைப்பட்ட மாநிலங்களில் கைதாவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதற்கான விதி கூட்டாட்சிச் சட்டத்தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 926ஏ பிரிவாக உள்ளது. துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் ஏந்தவும் கூடிய ஓரிடத்திலிருந்து, அவ்வாறே கூடிய வேறோரிடத்துக்கு ஒருவர் அதனைக் கொண்டுசெல்லலாம். இடைப்பட்ட மாநிலத்தின் சட்டம் அதனைத் தடுக்காது.

இவ்வுரிமைக்குரிய நிபந்தனைகளே விதியின் உட்பொருளை உணர்த்துகின்றன. துப்பாக்கியில் தோட்டா இருத்தலாகாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எளிதில் எட்டக்கூடியதாக இருத்தலாகாது. தனிச் சரக்கறை இல்லாத ஊர்தியில் அவை பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். ஓட்டுநர் முன்னுள்ள கையுறைப் பேழையோ இருக்கைகளுக்கு இடைப்பட்ட பேழையோ இதற்கு ஏலாது.

19ஆம் நூற்றாண்டுப் பயணி விலக்கும் இவ்விதியும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டும் நேர்மாறானவை. முன்னையது வழியில் பயன்படுத்துவதற்காகவே ஆயுதத்தை அனுமதித்தது. பின்னையது வழியில் பயன்படுத்த இயலாதவாறு வைத்திருந்தால் மட்டுமே அனுமதிக்கிறது. முன்னையது பயணியின் உயிரைக் கருதியது. பின்னையது அவருடைய உடைமையைக் கருதுகிறது.

இவ்வேறுபாட்டின் நடைமுறை விளைவை நியூஜெர்சி வழக்கொன்று காட்டுகிறது. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பூட்டிய பெட்டியில் துப்பாக்கியை முறைப்படி அறிவித்து 2005இல் பென்சில்வேனியாவுக்கு வானூர்தியில் புறப்பட்டார். நூவர்க்கில் இணைப்புப் பயணம் தவறியதால் பெட்டியைப் பெற்றுக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் வானூர்தி நிலையத்தில் துப்பாக்கியை மீண்டும் அறிவித்தபோது கைதானார். சில நாள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பின்னர்க் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கில் மூன்றாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அன்றிரவு பெட்டி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் 926ஏ பிரிவின் காப்பு அவருக்கு இல்லை என்பதே காரணம். இக்கட்டு அவர் தவறால் நேர்ந்ததன்று என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

6. பரஸ்பர ஏற்பு: ஒப்பந்தங்களின் வலை

1987இல் புளோரிடா, தகுதியுடைய அனைவருக்கும் உரிமம் வழங்கியே ஆகவேண்டும் என்னும் சட்டத்தை இயற்றியது. இதுபோன்ற சட்டங்கள் சில மாநிலங்களில் முன்னரே இருப்பினும், பிற மாநிலங்களில் அம்முறை விரைந்து பரவியது அதன்பின்னரே. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் உரிமத் தேவையையே நீக்கின. 2024 வரை 29 மாநிலங்கள் இந்நிலையை அடைந்துள்ளன. தடையை இறுதிவரை காத்த இல்லினாய், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் 2013இல் உரிமச் சட்டம் இயற்றியது.

உரிமம் பெற்றோர் பெருகியதும் எல்லை கடப்பது அன்றாடச் சிக்கலாயிற்று. மாநிலங்கள் இதனை வெவ்வேறு வகையில் அணுகுகின்றன. சில, எம்மாநில உரிமத்தையும் ஏற்கின்றன. சில, தம் உரிமத்தை ஏற்கும் மாநிலங்களின் உரிமத்தை மட்டும் ஏற்கின்றன. சில, தம்முடையதற்கு நிகரான பயிற்சியும் பின்னணிச் சோதனையும் கேட்கும் மாநிலங்களின் உரிமத்தை மட்டும் ஏற்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மேரிலண்ட் முதலியன எதனையும் ஏற்பதில்லை. யூட்டா, புளோரிடா போன்றவை வேற்று மாநிலத்தவருக்கும் உரிமம் வழங்குவதால், பயணம் செய்வோர் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்களை வைத்துள்ளனர்.

இவ்வலை உறுதியானதன்று. வர்ஜீனியாவின் தலைமை வழக்குரைஞர் 2015 திசம்பரில் 25 மாநிலங்களின் உரிமங்களை ஏற்பதை நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டால் அம்முடிவு கைவிடப்பட்டது. குடும்ப வன்முறைக்காகக் காப்பாணைக்கு உள்ளானோர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் விதி அவ்வுடன்பாட்டின் மறுபாதி. ஒரு பயணி சட்டத்துக்கு உட்பட்டவரா அல்லரா என்பது அரசியல் பேரத்தைப் பொறுத்து ஒரு திங்களுக்குள் இருமுறை மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஏற்பு இருக்கும் மாநிலத்திலும் சிக்கல் உண்டு. கூட்டாட்சியின் பள்ளி வளாகச் சட்டம் (1990, உச்ச நீதிமன்றம் 1995இல் செல்லாதெனக் கூறியபின் 1996இல் திருத்தப்பட்டது) பள்ளியிலிருந்து 1,000 அடி தொலைவுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டெனினும், அவ்வுரிமம் பள்ளி அமைந்துள்ள மாநிலம் வழங்கியதாக இருக்கவேண்டும் என்பது விதியின் வாசகம். வாசகத்தை அவ்வாறே கொண்டால், ஏற்கப்பட்ட வேற்று மாநில உரிமத்தோடு நகர்த் தெரு ஒன்றைக் கடப்பவரும் விலக்குக்கு வெளியே நிற்கிறார்.

ஏற்பு இல்லாத இடத்தில் தண்டனை கடுமையானது. பென்சில்வேனியாவின் உரிமம் பெற்ற பெண்ணொருவர் 2013இல் நியூஜெர்சியில் சாலை நிறுத்தத்தின்போது தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் தாமே தெரிவித்துக் கைதானார். கட்டாயச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கிய அவருக்கு ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2015 ஏப்பிரலில் மன்னிப்பு வழங்கினார்.

7. காங்கிரஸில் நடந்த முயற்சிகள்

வாகன ஓட்டுநர் உரிமம் எங்கும் செல்லும்போது துப்பாக்கி உரிமம் ஏன் செல்லலாகாது என்பது பரஸ்பர ஏற்பை ஆதரிப்போரின் பரவலான வாதம். இவ்வொப்புமை முழுமையானதன்று. ஓட்டுநர் உரிமம் அரசமைப்பின் கட்டளையால் எல்லை கடப்பதில்லை. மாநிலங்கள் தம் சட்டங்களாலும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளாலும் விரும்பி ஏற்பதால் கடக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்திலும் ஒரு குறை உண்டு. வாகனம் ஓட்டுவது அரசமைப்பு பெயர் சுட்டிக் காக்கும் உரிமையன்று. ஆயுதம் ஏந்துதல் அத்தகையது.

நாடளாவிய ஏற்பைக் காங்கிரஸ் ஒரு பிரிவினருக்கு வழங்கியுள்ளது. 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தகுதியுடைய காவல் அலுவலரும் ஓய்வுபெற்றோரும் தக்க அடையாள அட்டையுடன் எம்மாநிலத்திலும் மறைத்து ஏந்தலாம். ஓய்வுபெற்றோர் ஆண்டுதோறும் சுடுதிறன் தேர்வில் தேறவேண்டும். பொதுமக்களுக்கான முயற்சிகள் நிறைவேறவில்லை. செனட்டில் 2009இல் 58–39, 2013இல் 57–43 எனப் பெரும்பான்மை கிடைத்தும் தேவையான 60 வாக்குகள் எட்டப்படவில்லை. 2017 திசம்பர் 6 அன்று பிரதிநிதிகள் அவை 231–198 என முன்வரைவை நிறைவேற்றியது. செனட் அதனை எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்விவாதத்தில் கட்சிகளின் வழக்கமான நிலைப்பாடுகள் இடம்மாறுவது நோக்கத்தக்கது. மாநில உரிமையைப் போற்றும் குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் கூட்டாட்சிச் சட்டத்தைக் கோருகின்றனர். கூட்டாட்சி அதிகாரத்தை ஆதரிக்கும் சனநாயகக் கட்சியினர் பெரும்பாலும் மாநிலத் தன்னாட்சியைக் காக்க முனைகின்றனர்.

8. புரூயன் தீர்ப்புக்குப்பின்

உச்ச நீதிமன்றம் தனிமனிதர் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 2008இல் ஹெல்லர் வழக்கில் உறுதிசெய்தது. 2010இல் அதனை மாநிலங்களுக்கும் விரித்தது. 2022 சூன் 23 அன்று, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய புரூயன் தீர்ப்பு, அவ்வுரிமை வீட்டுக்கு வெளியிலும் உண்டென்றது. தக்க காரணம் கேட்ட நியூயார்க் விதி 6–3 என்னும் பெரும்பான்மையால் வீழ்ந்தது. எனினும் புறநிலைத் தகுதிகளைக் கேட்கும் உரிம முறையை அத்தீர்ப்பு குறைகூறவில்லை. ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொன்று ஏற்கவேண்டுமா என்பதையும் அது தீர்க்கவில்லை.

அவ்விடைவெளி மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழங்கிய இரு தீர்ப்புகளில் வெளிப்படுகிறது. இரண்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டோர் உரிமம் தேவைப்படாத நியூஹாம்ப்ஷயரின் குடிமக்கள். வேற்று மாநிலத்தவருக்கு உரிமம் வழங்குவதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட பழைய சட்டம் செல்லாதென ஒரு தீர்ப்பு கூறியது. அவ்விருப்புரிமையை நீக்கித் திருத்தப்பட்ட புதிய சட்டம் செல்லுமென மற்றொன்று கூறியது. இவற்றை இணைத்துப் பார்த்தால் ஒரு நடுநிலை உருவாவதை உணரலாம். நுழைபவரிடம் மாநிலம் உரிமம் கேட்கலாம். தகுதி உடையவருக்கு மனம்போல மறுத்தல் ஆகாது.

9. முடிவுரை

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அமெரிக்கச் சட்டம் எல்லை கடக்கும் ஆயுததாரியை மூவகையாக நோக்கியுள்ளது. முதலில் அவர் துணையற்றவர். எனவே விலக்குக்கு உரியவர். அடுத்து அவர் அறியப்படாதவர்; எனவே உரிமத்துக்கு அப்பாற்பட்டவர். 1986க்குப்பின் அவர் பூட்டிய பெட்டியொன்றின் உடைமையாளர். புரூயன் தீர்ப்பு அவரை உரிமை உடையவராக ஏற்றாலும், அவ்வுரிமையை ஒவ்வோர் எல்லையிலும் மெய்ப்பிக்கும் சுமையை நீக்கவில்லை.

பரஸ்பர ஏற்பு குறித்த இன்றைய விவாதத்தில் இரு தரப்பும் வரலாற்றைத் துணைக்கு அழைக்கின்றன. பயணி விலக்கைச் சுட்டுவோர், அவ்விலக்கு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும், அது மாநில எல்லையை அளவாகக் கொண்டதன்று என்பதையும் கருதவேண்டும். உள்ளூர் மதிப்பீட்டைப் போற்றுவோர், அம்மதிப்பீடு மான்ட்கமரியில் யாருக்கு உரிமத்தை மறுத்தது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். அயலாரை நம்புவதற்கு ஓர் ஊர் எத்தகைய சான்றைக் கேட்கலாம் என்பதே இவ்வரலாறு நெடுகிலும் தொடரும் வினா. துப்பாக்கிச் சட்டம் அவ்வினாவுக்கு இன்னும் ஒருமித்த விடை காணவில்லை.